யேல் நீச்சல் குளத்தில் 'தவளைகள்' (1974): மெரில் ஸ்ட்ரீப்புக்கு என்ன வேடம்?

நாடகப்பித்து: 1974-ல யேல் பல்கலைக்கழக நீச்சல் குளத்துல போட்ட 'தவளைகள்' நாடகத்துல மெரில் ஸ்ட்ரீப் நடிச்சாங்கன்னு படிச்சேன். கதாநாயகியா? இன்னொண்ணு, குளத்துல வசனம் புரியுமா? ஒரு கல்லூரிக் குழு உள்ளரங்கக் குளத்துல இதே மாதிரி போட யோசிக்குது.

பழைய பிரதி: கதாநாயகி இல்லை, கோரஸ், அதாவது சேர்ந்து பாடும் குழுவில் ஒருவர். பின்னாளில் ஹாலிவுட் நடிகையான சிகர்னி வீவரும், நாடகாசிரியராகப் பேர் வாங்கிய கிறிஸ்டோபர் ட்யூராங்கும் அதே கோரஸில்தான். மூவரும் அப்போது யேல் நாடகப் பள்ளி மாணவர்கள். ஸ்ட்ரீப் பட்டம் வாங்கியது 1975-ல்.

நாடகத்தின் நாயகன், கிரேக்க மதுக் கடவுள் டயோனிசஸ் வேடம் பிராட்வே நடிகர் லாரி பிளைடனுக்கு. நடத்தியது யேல் ரெபர்ட்டரி தியேட்டர், மே மாதம், பெய்ன் விட்னி உடற்பயிற்சிக் கூடத்தில். தொழில்முறைக் குழுவில் மாணவர்கள் சேர்ந்துகொண்டது. ஆகவே 'கல்லூரி நாடகம்' என்பது பாதிதான் சரி. தவளைகளாக நீந்தியது பல்கலைக்கழக நீச்சல் அணி.

மூல நாடகத்தில் கி.மு. 405-ல் அரிஸ்டோஃபனீஸ் மோதவிட்டது ஈஸ்கிலஸ், யூரிப்பிடீஸ் என்ற இரு கிரேக்க நாடகாசிரியர்களை. யேல் வடிவத்தில் பர்ட் ஷெவ்லவ் அதை ஷேக்ஸ்பியர், பெர்னார்ட் ஷா சண்டையாக்கினார். பாட்டும் இசையும் ஸ்டீபன் சோன்ட்ஹைம். எதிரொலி தலைவலி அவர்களுக்கும் இருந்தது.

ஒலிப்பலகை: வசனம் புரியாது, கணக்குப் போட்டாலே தெரியும். எதிரொலி நேரம் (சத்தம் அடங்க ஆகுற நேரம், செகண்ட்ல) = 0.161 × கொள்ளளவு ÷ உறிஞ்சும் பரப்பு. 25 × 20 × 12 மீட்டர் கூடம்னா 6000 கன மீட்டர். டைல்ஸ், தண்ணி, கண்ணாடி மூணுமே சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். மொத்த உறிஞ்சும் பரப்பு 200 சதுர மீட்டர்னு வெச்சாலும் 4.8 செகண்ட் வருது. பேச்சுக்கு 1 செகண்ட் பக்கம் இருக்கணும்.

ஆளுக்கு 0.5 சதுர மீட்டர்னு 300 பேர் உட்கார்ந்தா 2.8-க்கு இறங்கும். அதனால காலிக் கூடத்துல வெச்ச மைக் அளவை நம்பாதீங்க.

வால்யூமை ஏத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஏத்தினா எதிரொலியும் சேர்ந்து ஏறும். ரெண்டு பெரிய ஸ்பீக்கருக்குப் பதிலா ஆடியன்ஸ் பக்கத்துல ஏழெட்டு சின்னது வைங்க, மேடையிலேர்ந்து ஸ்பீக்கர் இருக்குற தூரத்துக்கு மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுங்க. வசனத்தைச் சின்னச் சின்னதா வெட்டுங்க. கோரஸ் வேகமாப் பாடினா ஒரு சொல் மேல அடுத்த சொல் ஏறிடும்.

நாடகப்பித்து: சுவர்ல கனமான திரை தொங்கவிட்டா? படகுக் காட்சியும் இருக்கே!

பின்மேடை: திரை உதவும், மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கினால். அடி நனையக் கூடாது. நனைந்த துணி கனத்துக் கம்பியை இழுக்கும்.

படகு தட்டையான அடியோடு இருக்கட்டும். நின்று துடுப்புப் போட விடாதீர்கள், கவிழும். இரு கரைக்கும் நடுவே தண்ணீருக்கடியில் கயிறு கட்டி, மறைவில் ஒருவர் இழுத்தால் போதும், நடிகர் துடுப்புப் போடுவதாகப் பாவனை செய்யலாம். தவளைகள் நீந்திக்கொண்டே பாட முடியாது, மூச்சு போதாது. பாட்டைக் கரையில் நிற்கும் கோரஸுக்குக் கொடுங்கள். வயலின் வேண்டாம், அந்த ஈரக்காற்றில் சுருதி நிற்காது.

கரையோர விளக்கு 12 வோல்ட். மற்ற இணைப்பு எல்லாம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வழியாக, கேபிள் மேலே தொங்கியபடி. உயிர்காப்பாளருக்கு வேடம் கொடுக்காதீர்கள். விளக்கு அணையும் காட்சியிலும் தண்ணீர் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.