பீகாருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா?

லேத்துப்பட்டறை: மத்திய வரியில் மாநிலங்களுக்கென்று ஒதுக்கியதை 15ஆவது நிதிக்குழு பிரித்ததில் பீகாருக்கு 10.058 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079. மக்கள்தொகை கூடினால் பங்கும் கூடும் என்றால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்கு இதுதான் பரிசா?

ராஞ்சித்தமிழன்: அண்ணா, பழைய பாக்கி ஒன்று இருக்கிறது. 1950-களில் சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று கொண்டுவந்தார்கள். ரயில் கூலியை எல்லார் தலையிலும் பரப்பிவிட்டதால், அன்றைய பீகாரின் ஜாம்ஷெட்பூர் இரும்பு கோவையிலும் கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைத்தது. 1990-களின் தொடக்கம் வரை இதே கதைதான். அப்புறம் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எவன் பட்டறை போடுவான்? குழி அவர்களுக்கு, பம்ப்செட் நமக்கு. ஆனால் அவர்கள் நம் பக்கத்துப் பஞ்சை வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது.

லேத்துப்பட்டறை: காகிதத்தில் ஒரே விலைதான். எங்கள் அப்பா அரசு தரும் இரும்புக் கோட்டாவுக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். ஆர்டர் கெடு நெருங்கினால் வெளியில் கூடுதல் விலைக்கு ஆங்கிள் வாங்கி, பழைய சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். கோவை 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபோதே எழுந்த ஊர். பிறகு நம் மாநில அரசு கிண்டி தொழிற்பேட்டையை 1958-லும், தொழிற்பூங்கா அமைக்கும் சிப்காட்டை 1971-லும் தொடங்கியது. அந்த ஒரே விலை உத்தரப் பிரதேசத்துக்கும்தானே இருந்தது? அங்கே ஏன் இந்த அளவுக்குப் பட்டறை முளைக்கவில்லை?

வரப்போரம்: இருவரும் பீகார் பீகார் என்கிறீர்கள். அந்த இரும்பெல்லாம் 2000 நவம்பரில் ஜார்க்கண்டோடு போய்விட்டது. அதற்கு நிதிக்குழு தந்தது 3.307 சதவீதம்தான். இன்றைய பீகாருக்கு மிச்சம் வயலும் கோசி வெள்ளமும். பாக்கி யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ராஞ்சித்தமிழன்: நல்ல கேள்வி, அதில் நான் சறுக்கிவிட்டேன். அண்ணா சொல்லும் உத்தரப் பிரதேசக் கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் இரும்பை வாங்கும்போது ‘ஒரே நாடு’, வரியைப் பிரிக்கும்போது ‘எங்கள் உழைப்பு’ என்றால் எப்படி?

லேத்துப்பட்டறை: கொடுக்காதே என்று சொல்லவில்லையே தம்பி. மத்திய அரசு செஸ், சர்சார்ஜ் என்று வசூலிக்கும் கூடுதல் வரி மாநிலங்களுக்குப் பிரியவே பிரியாது. அதையும் பொதுப்பானையில் போடட்டும், அப்புறம் பிரிக்கட்டும். என் பட்டறையில் ஏழு பேரில் ஐந்து பேர் சமஸ்திபூர் பக்கத்துப் பையன்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு போனிலேயே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிதிக்குழுவுக்கு முன்பே நான் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ராஞ்சித்தமிழன்: அது கூலி அண்ணா, பகிர்வு இல்லை. செஸ் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி.