சாக்லேட் டீயில் சாக்லேட் எங்கே?

அக்கா: நாம் ருசி பார்த்து ஓட்டுப் போடப்போகிற இனிப்புப் பண்ட வாசனை டீப் பொட்டலங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிட்டனவா? ஒரே ஒரு விதிதான். எல்லா வீட்டிலும் ஒரே அளவு இலை, ஒரே அளவு வெந்நீர், ஒரே நேரம். இல்லையென்றால் டீயை ஒப்பிட மாட்டோம், அவரவர் கைப்பக்குவத்தைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

பெரியப்பா: எவ்வளவு என்று ஸ்பூன் கணக்கில் சொல்லம்மா.

தம்பி: ஸ்பூன் கணக்கு இதற்கு உதவாது பெரியப்பா. ஆப்பிள் துண்டு, பாதாம் சீவல், பூவிதழ் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரு ஸ்பூன் அள்ளினால் அதில் தேயிலையே வராமல் போகலாம். எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம். டீ ருசி பார்ப்பதற்கென்று ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தரம் இருக்கிறது, அதில் உள்ள அளவு இது. 6 நிமிடம் ஊற விடச் சொல்கிறார்கள்.

அம்மா: 6 நிமிடமா? வாயில் வைக்க முடியாதே!

தம்பி: ரசித்துக் குடிப்பதற்கான அளவு இல்லை அம்மா. குறை இருந்தால் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக.

அக்கா: நாம் 4 நிமிடம் வைப்போம். ரூய்போஸ் என்கிற மூலிகை டீக்கு மட்டும் 7. ஊலாங் என்று, பச்சை டீக்கும் கறுப்பு டீக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறதே, அதற்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும். முதல் மடக்கு பாலும் சர்க்கரையும் இல்லாமல். அப்புறம் உங்கள் இஷ்டம்.

சித்தி: நான் ஏற்கெனவே எல்லாவற்றையும் பிரித்து மோந்து பார்த்துவிட்டேன். கேரமல்தான் முதல் பரிசு. குடிக்கவே வேண்டாம், பொட்டலத்தை மேஜையில் திறந்து வைத்தாலே போதும்.

நான்: குடித்துவிட்டுச் சொல்லுங்கள் சித்தி.

சித்தி: குடித்தேன். யாரோ ஏமாற்றிவிட்டார்கள்.

அம்மா: எனக்கும் அப்படித்தான். கோப்பை வாய்க்குக் கிட்டே வரும்வரை கேரமல், உள்ளே போனதும் வெறும் கறுப்பு டீ. அதுவும் சுமாரான டீ.

தம்பி: மூக்குக்கு விருந்து, நாக்குக்குப் பட்டினி.

பெரியப்பா: ஆனால் பொட்டலத்தில் குட்டிக் குட்டியாகக் கேரமல் கட்டி கிடக்கிறதே? அது கரைந்தால் ருசி வர வேண்டாமா?

நான்: அது பெரும்பாலும் கண்ணுக்கு. ருசிக்குக் காரணம் இலைமேல் தெளிக்கிற வாசனைச் சாறு. உருளும் பீப்பாயில் இலையைப் போட்டு, சாற்றைத் தெளித்துக்கொண்டே சுற்றுவார்கள். இலையெல்லாம் சீராக வாங்கிக்கொள்ளும். துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு இலையை மட்டும் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே வாசனைதான் வரும்.

பெரியப்பா: பொறுக்கிப் போட்டேன். ஆமாம், வித்தியாசம் தெரியவில்லை. கட்டிகளைத் தனியாக வாயில் போட்டுக்கொண்டேன். கணக்கில் சேர்க்காதே.

அக்கா: பெரியப்பா!!

தம்பி: ஒரு சோதனை செய்து பாருங்கள் எல்லோரும். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள். விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டே மூக்கை விடுங்கள்.

அம்மா: மூக்கைப் பிடித்தபோது துவர்ப்பு மட்டும். விட்டதும் குப்பென்று கேரமல் வந்தது!

தம்பி: அதுதான். கேரமல், வெனிலா எல்லாம் நாக்கு அறியாத சங்கதி. தொண்டைக்குப் பின்னால் வழியாக மூக்குக்குப் போய்த்தான் தெரிகிறது. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பும் கசப்பும் புளிப்பும் இப்படிச் சிலதுதான். மூக்கு ‘கேரமல் வருகிறது’ என்று சொல்லி வைக்கிறது, நாக்கில் இனிப்பு வரவில்லை. அந்த ஏமாற்றம்தான் சித்திக்கு.

அக்கா: அப்படியென்றால் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பாருங்கள். நான் போட்டேன், வேறு டீயாகிவிட்டது. டீ இனித்தது என்பது இல்லை விஷயம், கேரமல் வாசனையே இரண்டு மடங்கு ஆனமாதிரி இருக்கிறது.

சித்தி: நிஜம்தான். சரி, ஏமாற்றியவர்களை மன்னித்துவிட்டேன்.

பெரியப்பா: எனக்கு சர்க்கரை கிடையாது. ஆனால் ‘சினமன் பன்’ என்று ஒன்று இருக்கிறதே, அது ஒன்றும் போடாமலே தித்திக்கிறது. இதுதான் எனக்குப் பிடித்தது. தினமும் இதையே குடிக்கலாம் போலிருக்கிறது.

நான்: பெரியப்பா, ஒரு நிமிடம். பொட்டலத்தின் பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள்.

பெரியப்பா: [படம்]

நான்: நினைத்தேன். பட்டைக்கு அடுத்து அதிமதுரம் என்று இருக்கிறது. தித்திப்பு அதிலிருந்து வருகிறது. அதில் உள்ள கிளிசிரைசின் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறைய எடுத்தால் உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். இன்றைக்குக் குடித்த ஒரு கோப்பைக்குப் பயப்பட வேண்டாம். ‘தினமும்’ மட்டும் வேண்டாம், டாக்டரைக் கேட்காமல்.

அம்மா: அத்தான், காதில் விழுந்ததா?

பெரியப்பா: விழுந்தது விழுந்தது. நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறதே, அதுவும் அதனால்தானா?

நான்: ஆமாம், அந்த இனிப்பு மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும். இனிப்பு வாசனை மூலிகை டீக்களில் அதிமதுரமும் சீனித்துளசியும் அடிக்கடி இருக்கும். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும்.

அக்கா: சிறிய எழுத்து என்றதும் ஞாபகம் வந்தது. ‘பாதாம் குக்கீ’யை நான் பிரிக்கவே இல்லை. நிஜப் பாதாம் துண்டு போட்டிருக்கிறார்கள். வீட்டில் பொடியனுக்குக் கொட்டை வகை ஒத்துக்கொள்ளாது. அதைத் தவிர்த்துவிட்டேன், நீங்கள் சொல்லுங்கள்.

அம்மா: பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. பாதாம் விழுதில் செய்கிற மார்சிபான் மிட்டாய் வாசனை, அவ்வளவுதான். அடுத்தது?

சித்தி: அடுத்தது சாக்லேட்-புதினா. சாக்லேட்டை யாராவது கண்டீர்களா?

தம்பி: புதினாவைக் கண்டேன். சாக்லேட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா: அடியில் கோகோ துண்டுகள் கிடக்கின்றன. மென்று பார்த்தேன், சாக்லேட்டேதான். டீயில் மட்டும் இல்லை.

தம்பி: அது துண்டிலேயே தங்கிவிடும் அம்மா. கோகோ விதையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. சாக்லேட் என்றால் நமக்கு வாயில் உருகுகிற அந்த வழவழப்புதான் முக்கியம். கொழுப்பு வெந்நீரில் கரையாது, வழவழப்பு எப்படி வரும்? கோகோவின் கசப்பும் கொஞ்சம் வாசனையும் வரும், அதையும் புதினா தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

சித்தி: நான் பால் விட்டேன். சாக்லேட் தலைகாட்டுகிறது! கொழுப்பு இல்லாத குறையைப் பால் ஈடுகட்டுகிறது போல.

தம்பி: அதேதான். இதைப் பாலிலேயே ஊறப்போட்டால் இன்னும் நன்றாக இருக்கும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டிச் சுடவைத்துப் பாருங்கள்.

சித்தி: அதே உற்சாகத்தில் ஸ்ட்ராபெரி சீஸ்கேக் டீக்கும் பால் விட்டேன்.

சித்தி: [படம்]

அம்மா: ஐயோ, என்ன இது?

சித்தி: திரிந்துவிட்டது. முதலில் ஓரத்தில் வெள்ளைத் துகள் மாதிரி தெரிந்தது. ஸ்பூனைப் போட்டுக் கலக்கினேன், முழுவதும் திரிதிரியாகப் பிரிந்து, கீழே ரோஸ் கலர் தண்ணீர் தனியாக நிற்கிறது.

தம்பி: சீஸ்கேக் என்று சொன்னார்கள், சீஸ் வந்துவிட்டது. வாக்குத் தவறாத கம்பெனி.

நான்: பின்பக்கத்தில் செம்பருத்தி இதழ் என்று முதலிலேயே போட்டிருக்கிறது. அந்தச் சிவப்பு நிறம் ஸ்ட்ராபெரியுடையது இல்லை, செம்பருத்தியுடையது. நல்ல புளிப்பு, பால் தாங்காது. பழ இனிப்புப் பெயர் வைத்த டீக்கள் பலவற்றுக்கு இதுதான் அடிப்படை. கேக்கின் பெயரைச் சொல்லி எலுமிச்சைப் புளிப்பைக் கொடுக்கிறார்கள். எனக்கு இந்த வகையே பிடிக்கவில்லை, ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். ஐஸ் போட்டுக் குடித்தால் நல்ல பழச்சாறு, அதைப் பழச்சாறு என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

அம்மா: அடுத்து ஆப்பிள் பை. இது ஒன்றும் போடாமலே நன்றாக இருக்கிறது. ஏன் இது மட்டும்?

அக்கா: எனக்கும் இதுதான் ஆச்சரியம். கேரமலுக்குச் சர்க்கரை கேட்டது, சாக்லேட்டுக்குப் பால் கேட்டது, இதற்கு எதுவும் கேட்கவில்லை.

நான்: பை என்றால் நமக்கு எது ஞாபகம் வருகிறது? பட்டை, கொஞ்சம் ஜாதிக்காய், வெந்த ஆப்பிளின் புளிப்பு. இது அத்தனையும் வெந்நீரில் தானாக இறங்கும். கேக் என்றால் வெண்ணெய், முட்டை, மாவு. இதில் எதுவும் தண்ணீரில் இறங்காது, வாசனையை மட்டும் வெளியிலிருந்து பூச வேண்டும். எந்தப் பண்டத்தின் ருசி மசாலாவிலும் பழத்திலும் இருக்கிறதோ அது நல்ல டீ ஆகும். வெண்ணெயில் இருந்தால் ஆகாது. பேர்த்டே கேக் டீயை எடுத்துக்கொள்ளுங்கள்...

பெரியப்பா: அதைச் சொல்லாதே. சோப்பு.

அம்மா: சோப்பேதான்!

தம்பி: வெனிலா அளவுக்கு மீறினால் அப்படித்தான். வெனிலா வாசனைக்குக் காரணமான வெனிலின் 1874 முதலே செயற்கையாகச் செய்கிற பொருள், மலிவு. கை தாராளமாகிவிடுகிறது.

சித்தி: ஆனால் வெனிலா ரூய்போஸ் நன்றாக இருக்கிறதே? அதுவும் வெனிலாதானே?

அக்கா: அங்கே அடிப்படை இலைக்கே லேசான தேன் வாசனையும் மரவாசனையும் உண்டு, வெனிலா அதோடு ஒட்டிப்போகிறது. தென்னாப்பிரிக்காவின் சீடர்பெர்க் பகுதியில் விளைகிற செடி. தேயிலைச் செடியே இல்லை, காஃபின் கிடையாது. துவர்ப்பும் குறைவு, மறந்துபோய் அரைமணி நேரம் ஊறவிட்டாலும் அவ்வளவாகக் கசக்காது.

அம்மா: ராத்திரி தூக்கம் கெடாதா? அப்படியென்றால் இது எனக்கு. யாரும் போட்டிக்கு வர வேண்டாம்.

பெரியப்பா: ‘மில்க் ஊலாங்’ என்று ஒன்று. பாலையே காணோம், பால் வாசனை மட்டும் வருகிறது. இதுவும் தெளித்ததா?

தம்பி: இரண்டும் உண்டு பெரியப்பா. ஜின் சுவான் என்று தைவானில் 1981-ல் வெளியிட்ட ஒரு தேயிலை ரகம். அதற்கு இயல்பாகவே லேசான பால் வாசனை. அந்தப் பெயர் பிரபலமானதும் சாதாரண ஊலாங்கில் வெண்ணெய் வாசனையைத் தெளித்தும் விற்கிறார்கள். அதே இலையில் இரண்டாவது முறை வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். தெளித்தது முதல் தடவையே பெரும்பாலும் கழன்றுவிடும்.

பெரியப்பா: ஊற்றினேன். முதலில் பாப்கார்ன் கடை மாதிரி இருந்தது, இப்போது வெறும் ஊலாங். தெளித்ததுதான்.

பெரியப்பா: ஆனால் அந்த வெறும் ஊலாங் நன்றாக இருக்கிறது.

அக்கா: கடைசியாக, பெயர் எழுதாத பொட்டலம். என்ன வாசனை போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்.

அம்மா: கருகல் பதத்தில் எடுத்த கேரமல்.

சித்தி: வறுத்த கொட்டை. கூடவே கொஞ்சம் கோகோ.

பெரியப்பா: பிஸ்கட்டின் அடிப்பக்கம், கொஞ்சம் சிவந்த இடம்.

நான்: கேரமல்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் குடித்ததுபோல் ஏமாற்றவில்லை. முகர்ந்ததும் குடித்ததும் ஒன்றாகவே இருக்கிறது.

அக்கா: எதுவும் போடவில்லை. ஹோஜிச்சா. ஜப்பானியப் பச்சைத் தேயிலையை வறுத்தது, அவ்வளவுதான். 1920களில் கியோட்டோவில் தொடங்கிய முறை. வறுக்கும்போதே அந்த வாசனை இலையிலேயே உண்டாகிறது.

சித்தி: இனிப்பு வாசனை டீப் போட்டியில் வாசனை போடாத டீயைக் கொண்டுவந்து வைத்தால் எப்படி? கள்ள ஆட்டம். என் ஓட்டு ஆப்பிள் பைக்குத்தான்.

தம்பி: எனக்கும் ஆப்பிள் பை. ஹோஜிச்சா நல்ல டீ, ஆனால் அது இனிப்புப் பண்டத்தின் இடத்துக்கு வரவில்லை. சாப்பாட்டுக்குப் பின் தித்திப்பாக எதையாவது தேடும்போது வறுத்த இலை போதாது.

நான்: எனக்குப் போதும்.

பெரியப்பா: எனக்கும். சர்க்கரையும் கேட்கவில்லை, அதிமதுரமும் இல்லை.

அக்கா: மிச்சம் இருக்கிறதை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டுவிடாதீர்கள். புதினாவும் கேரமலும் பக்கத்தில் இருக்கிற இலையிலெல்லாம் ஏறிவிடும். ஹோஜிச்சாவைத் தனியாக, காற்றுப் போகாத டப்பாவில் வையுங்கள். மண் பாத்திரத்தில் இந்த வாசனை டீயைப் போடவே போடாதீர்கள், அப்புறம் எதைப் போட்டாலும் சாக்லேட்-புதினாதான்.

அம்மா: வடிகட்டியில் இப்போதே ஏறிவிட்டது. இரண்டு தடவை கழுவியும் போகவில்லை.

அக்கா: சமையல் சோடா போட்டு வெந்நீரில் ஊறவையுங்கள் அம்மா.

சித்தி: அத்தான், அந்த சினமன் பன் பொட்டலத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு என் ஹோஜிச்சா முழுவதும் உங்களுக்கு.

பெரியப்பா: சம்மதம். சீஸ்கேக்கையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்க்காதே.