காற்றழுத்தியா, காற்றூட்டியா?

மோட்டார் சைக்கிளில் கொண்டுசெல்வதற்காக மாற்றியமைக்கப்படும், ரயருக்குக் காற்றடிக்கும் சிறிய கொம்பிறசருக்குக் 'கையடக்கக் காற்றழுத்தி' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழகத்தார் அழுத்தம் என்பதை எமது இலங்கைப் பாடநூல்கள் அமுக்கம் என்கின்றன. அழுத்தம் என்ற சொல்லை நாம் மின்னியலுக்கு ஒதுக்கிவிட்டோம். மின்னழுத்தத்தால் இயங்கும் காற்றழுத்தி ரயரின் அமுக்கத்தைக் கூட்டுகிறது என்று எழுதினால், யாழ்ப்பாணத்து மாணவன் தலையைச் சொறிவான்.

'வளியமுக்கி' என்றால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் அச்சொல், காற்றை அமுக்கித் தாங்கியில் சேமித்து வைக்கும் கராச் இயந்திரத்துக்கே பொருந்தும். நாம் பேசும் கருவிக்குத் தாங்கி கிடையாது. அது உள்ளிழுத்த காற்றைக் குழாய்வழியே நேரே ரயருக்குள் செலுத்துகிறது. முலையூட்டி என்ற சொல் பழகிய நமக்குக் 'காற்றூட்டி' அந்நியமாக இராது. காலால் மிதிக்கும் பம்மும் காற்றை ஊட்டத்தானே செய்கிறது என்று கேட்கலாம். அதற்குப் பம் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது, அதைக் கலைக்கத் தேவையில்லை.

மாற்றியமைத்த வடிவத்தை 'உறைநீக்கிய காற்றூட்டி' எனலாம். பிளாஸ்ரிக் உறை, மின்விளக்கு, அமுக்கமானி ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது மோட்டரும் பற்சில்லும் உருளையும் குழாயுமே. இருக்கைக்கு அடியில் வைக்கக்கூடிய அளவுக்கு அது சிறுத்துவிடும். அமுக்கமானிக்குப் போகும் சிறு குழாயின் வாயை இறுக அடைக்காவிட்டால் ஊட்டிய காற்று அவ்வழியே வெளியேறும். கிறீஸ் பூசிய பற்சில்லும் வெளியே தெரிவதால், பூநகரிப் பக்கத்து மணல் அதில் அப்பிக்கொள்ளாதபடி மூடியுள்ள ரின்னில் வைப்பது நல்லது. ஓடி முடிந்ததும் உருளையின் தலை கையைச் சுடும். ஆறிய பின்னரே உள்ளே வைக்க வேண்டும்.

இச்சொல்லுக்கான வரைவிலக்கணத்தில் மின் இணைப்பையும் குறிப்பிட வேண்டும் என்பேன். காருக்கென்று செய்யப்பட்ட செருகியை வெட்டிவிட்டு, 15 அம்பியர் உருகியின் ஊடாகப் பற்றரியுடன் நேரே இணைப்பதும் இம்மாற்றத்தின் ஒரு பகுதியே. 10 அம்பியர் இழுக்கும் காற்றூட்டியைப் பத்து நிமிடம் ஓட்டினால், சிறிய மோட்டார் சைக்கிளின் 4 அம்பியர்-மணிப் பற்றரியில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடும். ஆகவே 'எஞ்சின் ஓடும்போது பயன்படுத்தப்படுவது' என்ற தொடரையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.