தலை குனிந்தால் பொய்ச் சாட்சியா?

சாட்ஸ்வொர்த்_வாசி:
நம் தென்னாப்பிரிக்காவில் 1969-இல் ஜூரி முறையை, அதாவது பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் முறையை, ஒழித்தது தவறு என்பேன். கொலை வழக்கில்கூட ஒரு நீதிபதி, மிஞ்சிப்போனால் கூட இரண்டு அசெஸர்கள் (நீதிபதிக்குத் துணையாக உட்காருபவர்கள்), அவ்வளவுதான். மொரீஷியஸில் இன்றும் ஒன்பது ஜூரிகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். பொய் சொல்கிறவனுக்குக் குரல் தடுமாறும், கண் அலையும். நாலு பேரோடு பழகியவர்களுக்கு அது பிடிபட்டுவிடும்.

டொங்காட்_பேரன்:
அண்ணா, அந்தக் காலத்து ஜூரியில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள். நம்மவர் கூண்டில்தான் நின்றார்கள்.

கண் அலையும் என்கிறீர்கள். என் ஆயா, அதாவது பாட்டி, ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொன்னார். பெரிய மனிதர் முன்னால் நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று வளர்ந்தவர், தலை குனிந்தபடியே பதில் சொன்னார். அவர் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு பதிலும் இழுத்தது. "ஏன் தயங்குகிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்துகொண்டே இருந்தார். அன்றிரவு ஆயா சோறு தொடவில்லை.

1999-இல் ரக்பி யூனியன் வழக்கில் நம் நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத்தான் எச்சரித்தது: சாட்சியின் பண்பாடும் இனமும் வர்க்கமும் வேறாக இருந்தால், அவர் நடந்துகொள்ளும் விதத்தை எடைபோடுபவர் தப்பாகப் புரிந்துகொள்ளலாம். பாண்ட், டிபாலோ என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மெய்யா பொய்யா என்று மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

சாட்ஸ்வொர்த்_வாசி:
தம்பி, ஆயாவை விசாரித்தது ஜூரி இல்லையே! ஒன்பது பேரில் இரண்டு பேர் நம் வீட்டுப் பெண்களாக இருந்திருந்தால், அந்தத் தலைகுனிவு மரியாதை என்று ஜூரி கூடிப் பேசும் அறைக்குள் எடுத்துச் சொல்லியிருப்பார்கள். பழைய ஜூரியை நான் கேட்கவில்லை, எல்லாரும் உட்காரும் ஜூரியைக் கேட்கிறேன்.

போர்ட்லூயி_அக்கா:
நான் மொரீஷியஸ். இங்கே ஜூரி தீர்ப்பைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எந்தச் சாட்சியை ஏன் நம்பினார்கள் என்பது அந்த அறையோடு சரி. 2014-இல் உங்கள் ஓட்டப்பந்தய வீரர் பிஸ்டோரியஸ் காதலியைச் சுட்டுக் கொன்ற வழக்கைக் கவனித்தேன். அவர் மோசமான சாட்சி என்றே நீதிபதி மசிபா சொன்னார். ஆனால் அதனாலேயே குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்று காரணம் விளக்கி, தொலைபேசி அழைப்பு நேரங்களை வைத்துச் சாட்சிகளைச் சரிபார்த்தார். காரணம் வெளியே இருந்ததால்தான் 2015-இல் மேல்முறையீட்டில் சட்டப் பிழையைக் காட்டி, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்ற அவர் தீர்ப்பைக் கொலைக் குற்றமாக மாற்ற முடிந்தது.

சாட்ஸ்வொர்த்_வாசி:
காரணம் எழுதட்டும் அக்கா, ஒத்துக்கொள்கிறேன். எழுதுகிறவர் பக்கத்தில் நம் வாழ்க்கை தெரிந்த ஒருவர் இருக்கட்டும் என்பதை விடமாட்டேன்.

டொங்காட்_பேரன்:
அசெஸராக இருக்கட்டும் அண்ணா, அதில் எனக்கும் சம்மதம். ஆனால் மாஜிஸ்திரேட் கடைசியில் ஆயாவை நம்பியது முகத்தைப் பார்த்து அல்ல. ஆயா சொன்ன நேரமும் அவர் கைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டில் இருந்த நேரமும் ஒன்றாக இருந்தது.