ராத்திரி வாலரண்ட் கட், ஜிடிஏ-ல ஸ்ட்ரிக்ட் நாட்: ரவுட்டர் பாதுகாப்பை அணைக்கலாமா?

கேடிசி_நகர்_கேமர்
அண்ணாச்சிமாரே, லோக்கல் கேபிள்காரர் போட்ட ஃபைபர், அவர் கொடுத்த ஓஎன்டி பெட்டி (ஃபைபர் வயர் வந்து சேருற பெட்டி), அதுக்குப் பின்னால தனி ரவுட்டர். பிரச்சினை ரெண்டு. வாலரண்ட் கேம் பகல்ல சுத்தமா ஓடுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஹால்ல டிவியில யூடியூப் ஓடினா, பிங் (சர்வருக்குப் போய்த் திரும்புற நேரம்) ஏறாமலே திடீர்னு கட் ஆகி, கொஞ்ச நேரத்துல தானா சேருது. ரெண்டாவது, ஜிடிஏ ஆன்லைன் கேம்ல நாட் (வீட்டுப் பெட்டி எல்லாத்தையும் ஒரே வெளி ஐபியில அனுப்ப ரவுட்டர் பண்ற முகவரி மாற்றம்) ஸ்ட்ரிக்ட், அதாவது வெளிய இருந்து வர்ற இணைப்பு அடைபட்டு இருக்குன்னு காட்டுது, கூட ஆடுறவங்க செஷன்ல சேர முடியல. ரவுட்டர்ல டாஸ் ப்ரொடெக்ஷன் (பாக்கெட்டைக் குவிச்சு லைனை முடக்குற தாக்குதலுக்குத் தடுப்பு), எஸ்பிஐ ஃபயர்வால் ரெண்டும் ஆன். யுபிஎன்பி (கேம் கேட்டா போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையுற எண் வாசலை, தானா தெறக்குற வசதி) ஆஃப். எதை மாத்தணும்?

வண்ணாரப்பேட்டை_வயர்
டாஸ் ப்ரொடெக்ஷனை ஆஃப் பண்ணுங்க, யுபிஎன்பியை ஆன் பண்ணுங்க, ரவுட்டரையும் கேமையும் ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. அதுக்கும் சரிவரலன்னா பிசியை டிஎம்இசட்-ல (வெளிய இருந்து வர்ற எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குத் தள்ளிவிடுற வசதி) வைங்க.

பொருநை_பாக்கெட்
அண்ணாச்சி, எந்த ஃபில்டர் தடுக்குதுன்னு பாக்காம எல்லாத்தையும் தெறந்து விடச் சொல்லுதீங்க. அது வேண்டாம். ரெண்டும் வேற வேற கோளாறு.

வாலரண்ட்ல எல்லாரும் நடுவுல இருக்குற சர்வரோடதான் பேசுதாங்க. வெளிய இருந்து யாரும் நம்ம பிசியைத் தேடி வரவேண்டியது இல்ல, அதனால நாட் ஸ்ட்ரிக்டா இருந்தாலும் அது ஓடும். ஜிடிஏ ஆன்லைன்ல ஆடுறவங்க ஒருத்தர் பிசி இன்னொருத்தர் பிசியோட நேரா பேசணும். அங்கதான் நாட் வேலையைக் காட்டும்.

முதல்ல ரவுட்டர்ல சிஸ்டம் லாக் பாருங்க. கட் ஆன நேரத்துல யுடிபி ஃபிளட்னு (யுடிபி வகைப் பாக்கெட் வரம்புக்கு மேல குவியுதுங்கிற எச்சரிக்கை) வரி விழுந்திருக்கான்னு தேடணும். நிறைய ரவுட்டர்ல நேரம் கிரீன்விச் கணக்குல இருக்கும். ராத்திரி 8:10-க்கு கட் ஆனா லாக்ல 14:40-ன்னு நிக்கும். டைம் ஜோனை +5:30 வச்சிட்டுத் தேடினா ஆள் மாட்டும்.

வண்ணாரப்பேட்டை_வயர்
லாக் பாக்காமலே கணக்குப் போட்டுச் சொல்லலாம். யூடியூப் பெரும்பாலும் க்விக் நெறிமுறையில, யுடிபி 443-ல வருது. டிவி 20 எம்பிபிஎஸ் இழுத்தா நொடிக்கு 25 லட்சம் பைட். பாக்கெட் ஒண்ணு 1,250 பைட்னு வச்சா நொடிக்கு 2,000 பாக்கெட். பல வீட்டு ரவுட்டர்ல யுடிபி ஃபிளட் வரம்பு நொடிக்கு 500 பாக்கெட்ல நிக்குது. வாலரண்ட் 128 டிக் சர்வர் (நொடிக்கு 128 தடவை நிலவரத்தைப் புதுப்பிக்கும்), அது மட்டும் ஓடினா வரம்புக்குள்ள அடங்கிரும். டிவியும் சேர்ந்தா தாண்டிரும். ரவுட்டர் அதைத் தாக்குதல்னு நெனச்சு வெட்டுது. பிங் ஏறாம கட் ஆகுறதுக்கும் காரணம் அதுதான். லைன் நெருக்கடின்னா பிங் மொதல்ல ஏறும்.

உண்மையான டாஸ் தாக்குதல் வந்தா இந்த ஃபில்டரால ஒண்ணும் ஆகாது. ரவுட்டர் பாக்கெட்டைத் தள்ளிவிடுறதுக்கு முன்னாலேயே லைன் நிரம்பிரும். அப்ப எதுக்கு அதை வச்சிக்கிடணும்?

பொருநை_பாக்கெட்
கணக்கு சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த மெனுவுல யுடிபி, ஐசிஎம்பி (பிங் பாக்கெட்), சின் (இணைப்பைத் தொடங்குற பாக்கெட்) அப்படின்னு மூணு கட்டம் தனித்தனியா இருக்கு. யுடிபியை மட்டும் அணைங்க, இல்ல வரம்பை 5,000-க்கு மேல ஏத்துங்க. மத்த ரெண்டும் கேமுக்கு எந்த இடைஞ்சலும் பண்ணல, அப்படியே இருக்கட்டும். எஸ்பிஐ ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம். உள்ள இருந்து கேட்டதுக்கு வர்ற பதிலை மட்டும் உள்ள விடுறது அதுதான். பேரு பக்கத்துல இருக்குன்னு அதையும் சேர்த்து அணைச்சிடுறாங்க.

யுபிஎன்பியில எனக்கு உடன்பாடு இல்ல. வீட்டுக்குள்ள எந்தப் பெட்டி கேட்டாலும் பாஸ்வேர்டு கேக்காம போர்ட்டைத் தெறந்து விட்டுரும். சிசிடிவி டிவிஆர் இருக்குற வீட்டுல அது பெரிய ஆபத்து. 2016-ல மிராய்ங்கிற மால்வேர் பரவினது கேமராலயும் டிவிஆர்லயும் மாத்தாம கிடந்த பாஸ்வேர்டு வழியா. டிவிஆரை வெளிய காட்டிக் கொடுக்குற வேலையை நாமளே ஏன் செய்யணும்? ஜிடிஏ-க்கு வேண்டியது யுடிபி 6672, அப்புறம் 61455-லேருந்து 61458 வரை. டிஹெச்சிபி ரிசர்வேஷன்ல பிசிக்கு நிலையான ஐபி கொடுத்து, இந்த அஞ்சு போர்ட்டை மட்டும் ஃபார்வர்டு (அதுல வர்றதை பிசிக்குத் திருப்பி விடுறது) பண்ணினா போதும்.

வண்ணாரப்பேட்டை_வயர்
ஒரு பிசிக்குச் சரி. ஒரே வீட்டுல ரெண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தா என்ன பண்ணுவீங்க? ரெண்டுக்கும் 3074 வேணும், ஃபார்வர்டு ஒண்ணுக்குத்தான் போகும். யுபிஎன்பி இருந்தா ரெண்டாவது பெட்டி வேற வெளிப் போர்ட்டை வாங்கிக்கிடும்.

பொருநை_பாக்கெட்
எக்ஸ்பாக்ஸ்ல நெட்வொர்க் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல மாற்றுப் போர்ட் தேர்வு இருக்கு. ரெண்டாவது பெட்டியில வேற நம்பரை எடுத்து, அதைத் தனியா ஃபார்வர்டு பண்ணலாம். கட்டாயம் யுபிஎன்பிதான் வேணும்னா, டிவிஆரை கெஸ்ட் நெட்வொர்க்குக்கு மாத்தி, அங்க இருந்து ரவுட்டர் பக்கம் வர வழி இல்லன்னு பாத்துட்டு ஆன் பண்ணுங்க.

மேலப்பாளையம்_ஃபைபர்
ரெண்டு பேரும் ரவுட்டருக்குள்ளேயே நிக்கீங்க. அவருக்கு முன்னால ஓஎன்டி ஒண்ணு இருக்குல்லா? ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபி (ரவுட்டரோட வெளிப் பக்க முகவரி) என்ன காட்டுது? 192.168-ல தொடங்கினா ஓஎன்டியும் நாட் பண்ணுது. நீங்க ரவுட்டர்ல எத்தனை போர்ட் தெறந்தாலும் ஓஎன்டி வாசல்லயே நின்னு போகும். 100.64-லேருந்து 100.127 வரைக்குள்ள இருந்தா அது சிஜிநாட். பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி. அங்க யுபிஎன்பி, ஃபார்வர்டு, டிஎம்இசட் எதுவும் வேலைக்கு ஆகாது.

கேடிசி_நகர்_கேமர்
இப்ப பாத்தேன். ரவுட்டர்ல வான் ஐபி 192.168.1.2. ஓஎன்டி பக்கத்துல காட்டுற வான் ஐபியும் என் ஐபி என்னன்னு சொல்லுற தளத்துல வர்றதும் ஒண்ணாத்தான் இருக்கு. லாக்ல யுடிபி ஃபிளட் வரி 14:52, 15:07-ல இருக்கு. ரெண்டும் கட் ஆன நேரம்தான்.

பொருநை_பாக்கெட்
அப்ப சிஜிநாட் இல்ல, ரெட்டை நாட். வாலரண்டுக்கு யுடிபி ஃபிளட் கட்டத்தை மட்டும் எடுத்துருங்க.

மேலப்பாளையம்_ஃபைபர்
நாட் பிரச்சினைக்கு நல்ல வழி ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுல (ஓஎன்டி நாட் பண்ணாம இணைப்பை நேரா ரவுட்டருக்குக் கொடுக்குறது) போடுறது. கேபிள்காரர்கிட்ட மூணு கேளுங்க: பிபிபிஓஇ (இணைப்புக்கான லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் நம்பர் (லைனுக்குள்ள இணைய இணைப்பைப் பிரிச்சுக் காட்டுற எண்). ரவுட்டர்ல அதைப் போட்டு எம்டியு (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு) 1492 வைங்க. ஓஎன்டியில போன் இணைப்பு இருந்தா, அது பிரிட்ஜ் போட்ட பிறகும் ஓடுமான்னு முன்னாலேயே கேட்டுக்கிடுங்க.

அவர் மாட்டேன்னா, வயர் அண்ணாச்சி சொன்ன டிஎம்இசட் இங்க உதவும். ஆனா பிசிக்கு இல்ல. ஓஎன்டியில டிஎம்இசட்டை 192.168.1.2-க்கு, அதாவது ரவுட்டருக்குக் கொடுங்க. வர்றதெல்லாம் ரவுட்டருக்கு வந்து, அங்க எஸ்பிஐ வடிகட்டும். ரவுட்டரோட உள் வரிசையை 192.168.50-க்கு மாத்திக்கிடுங்க, ரெண்டு பெட்டியும் 192.168.1-லேயே இருந்தா முட்டிக்கிடும்.

வண்ணாரப்பேட்டை_வயர்
ரவுட்டருக்கு டிஎம்இசட், அது சரி. பிரிட்ஜ் போட்ட பிறகு யுபிஎன்பி ஆன் பண்ணலாம்னுதான் நான் இன்னும் சொல்லுவேன், டிவிஆர் இல்லாத வீடுன்னா.

பொருநை_பாக்கெட்
டிவிஆர் இல்லன்னாலும் டிவி, ஸ்மார்ட் பிளக் எல்லாம் அதே வலையிலதான் கிடக்கு. யுபிஎன்பி பட்டியலை வாரம் ஒரு தடவை தெறந்து பாருங்க. கேம் இல்லாத போர்ட் ஏதாச்சும் அங்க நின்னா, உடனே அந்தப் பெட்டியோட ஐபியைப் பிடிங்க.