கோரமண்டல் என்ற பெயர் சோழமண்டலமா, கரிமணலா?

கேள்வி (கழிமுகம்):
வணக்கம். பழவேற்காட்டிலுள்ள டச்சுக் கல்லறைகளைப் பார்க்கச் சென்றபோது, அவ்வூருக்கு வடக்கே உள்ள கரிமணல் என்ற சிற்றூரின் பெயரே ஐரோப்பியர் வாயில் நம் கிழக்குக் கடற்கரையின் பெயரான ‘கோரமண்டல்’ ஆயிற்று என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். நானோ அது சோழமண்டலத்தின் திரிபு என்றே படித்திருக்கிறேன். எது சரி? சகரம் ககரமானது எப்படி?

மறுமொழி (ஏட்டுச்சுவடி):
நண்பரே, சோழமண்டலம் என்பதே சரி. கரிமணல் என்ற சொல்லில் டகரம் இல்லை. ‘மண்டல்’ என்பதிலோ அது தெளிவாக ஒலிக்கிறது. இதைவிட வலுவான சான்று முதலெழுத்தில் இருக்கிறது. 1510-இல் வெளிவந்த இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் நூலில் இப்பெயர் ‘சோரொமண்டல்’ என்று சகர ஒலியோடுதான் தொடங்குகிறது. போர்ச்சுகீசியரும் சகரத்தைக் குறிக்கும் தங்கள் எழுத்துமுறைப்படி ‘ch’ என்றே எழுதினார்கள். அந்த எழுத்துகளை மற்ற ஐரோப்பியர் தம் வழக்கப்படி ககரமாகப் படித்ததால் வந்ததே ‘கோரமண்டல்’. ஆக, இந்த மாற்றம் நாவில் நிகழ்ந்ததன்று, கண்ணில் நிகழ்ந்தது. ‘மண்டலம்’ என்பதும் வெறும் அடைமொழி அன்று. முதலாம் இராசராசன் காலம் முதல் அது ஆட்சிப் பிரிவின் பெயர். தொண்டைநாடு சயங்கொண்ட சோழமண்டலம் என்றும், ஈழம் மும்முடிச் சோழமண்டலம் என்றும் கல்வெட்டுகளில் வழங்கின.

மறுமொழி (நெய்தல்):
ஐயாவின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் ஓர் ஐயம். பழவேற்காடு ‘புலிகட்’ ஆனபோது ழகரம் லகரமாயிற்று. சோழத்தில் மட்டும் அது ரகரமாவானேன்?

மறுமொழி (ஏட்டுச்சுவடி):
நல்ல கேள்வி. ழகரம் இல்லாத மொழியினர் அதை அருகிலுள்ள ஏதோ ஓர் ஒலியாகவே கேட்பார்கள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர் ‘சோடர்’ ஆகிறார்கள். தெலுங்கிலும் ‘சோட’ என்றே வழங்குகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய புவியியலாளர் தாலமி இவர்களை ‘சோரிங்கோய்’ என்கிறார். கிரேக்கச் செவிக்கு அப்போதே அது ரகரமாகக் கேட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. தவிர, ‘மண்டலம்’ என்பதிலேயே ஒரு லகரம் இருப்பதால், ஒரே சொல்லில் அது இருமுறை வராதபடி முதலாவது ரகரமாக நிலைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

மறுமொழி (கலங்கரை):
அரபு வணிகர்கள் இக்கரையை ‘மஅபர்’ என்றார்கள். கடந்து செல்லும் இடம், துறை என்பது அதன் பொருள். மார்க்கோ போலோ எழுதியதும் இந்தப் பெயரையே. அரசனின் பெயரை விட்டு, கடலோடியின் வழியைக் கொண்டு ஒரு நாட்டை அழைத்த பெயர் அது. ஐரோப்பியரோ சோழமண்டலத்தின் எல்லையைப் பொருட்படுத்தாமல், கோடியக்கரையிலிருந்து கிருஷ்ணை ஆற்றின் கழிமுகம் வரை முழுவதையும் கோரமண்டல் என்றார்கள். பின்னர் அப்பெயர் தாங்கிய ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல் ஒன்று, பாய்மரத்துக்கு ஏற்ற மரங்களைத் தேடி 1820-இல் நியூசிலாந்து சென்றது. அது நங்கூரமிட்ட துறைமுகமும் அதையொட்டிய தீபகற்பமும் இன்றும் கோரமண்டல் என்றே அழைக்கப்படுகின்றன.