ஆஸ்திரியப் பாப் பாடகர் ஃபால்கோவின் கல்லறைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

கடைசிபெஞ்சு:
வியன்னா மத்தியக் கல்லறைத் தோட்டம், 40-ஆம் பிரிவு. போனவர்களுக்கு இடம் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி மாதம், வாசல் சாத்தும் நேரம். பீத்தோவன், மொசார்ட் எல்லாரையும் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். சிவப்புத் தூண், பக்கத்தில் உடைந்த சிடி வடிவில் பெரிய கண்ணாடி, அதில் அவர் உருவம். போனைத் தூக்கிப் பிடித்தால், ஃபால்கோவின் நெஞ்சுக்கு நேரே ஓர் அம்மா நிற்கிறார்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய கல்லறைக்கோ வந்தவர். தீக்குச்சி காற்றில் அணைந்து அணைந்து போகிறது. என்னைப் பார்த்தார். என் படத்துக்கு இடைஞ்சல் என்று நினைத்து, விளக்கை ஏற்றாமலே இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். நானும் வெட்கமில்லாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஒற்றையடி:
மொசார்ட்டைப் பார்த்தீர்களா? அங்கே இருப்பது நினைவுச்சின்னம் மட்டும். 1791-ல் அவரைப் புதைத்தது செயின்ட் மார்க்ஸ் கல்லறைத் தோட்டத்தில். எந்த இடம் என்று சரியாக இன்றுவரை தெரியாது. ‘ராக் மீ அமடேயஸ்’ என்று மொசார்ட்டைப் பாடிய ஃபால்கோவுக்குப் பிரிவு எண்ணோடு கல்லறை, மொசார்ட்டுக்கு இல்லை.

என் கதை சின்னது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் 71-ஆம் நம்பர் டிராமில் பக்கத்து சீட் பெரியவரிடம், “ஃபால்கோவுக்கு இதுதானே வண்டி?” என்று கேட்டேன். “எல்லாருக்கும் இதுதான் வண்டி. நான் மட்டும் முன்னாடியே இறங்கிவிடுவேன்” என்றார். அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. நாம் ‘டிக்கெட் வாங்கிட்டார்’ என்கிற மாதிரி அந்த ஊரில் ‘71-ல் ஏறிட்டார்’ என்பார்கள். 1918 ஸ்பானிஷ் காய்ச்சலின்போது பிணங்களையே டிராமில் ஏற்றிக்கொண்டு போன ஊர் அது.

பழைய கேசட்:
நான் கல்லறைக்குப் போனதில்லை. 1986-ல் ‘ராக் மீ அமடேயஸ்’ ஜெர்மன் மொழியிலேயே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது கேசட் தேய்ந்து இழுபடும்வரை கேட்டவன். 1998 பிப்ரவரி 6, டொமினிக்கன் குடியரசில் அவர் காரில் பஸ் மோதி இறந்தார் என்று படித்தேன். 41-ஆவது பிறந்தநாளுக்கு 13 நாள்தான் பாக்கி. அப்புறம் வந்த பாட்டில் ‘வாழ்வதற்காகச் சாக வேண்டுமா’ என்று அவர் குரல் கேட்டதும் டேப்பை நிறுத்திவிட்டேன். அது விபத்துதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

மழைக்கோட்டு:
பழைய கேசட் ஐயா, பாட்டை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யாதீர்கள். ரத்தத்தில் மதுவும் கொக்கெய்னும் இருந்தன. அந்த நிலையில் மெயின் ரோட்டில் ஏறினார், பஸ் வந்தது. பஸ் வரும் நேரம் பார்த்தா எவனும் சாகத் திட்டம் போடுவான்? போதையைக் கிண்டலும் பெருமையுமாகப் பாடிய ஆள் அதிலேயே போனார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் செப்டம்பரில் போனேன். கல்லறையில் ஏற்றி வைக்கும் சிவப்பு விளக்குக் கூட்டிலிருந்து ஒரு ஹாம்ஸ்டரின் (எலி மாதிரிப் பிராணி) பின்பக்கம் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே மெழுகைத் தின்றுகொண்டிருந்தது, கன்னம் இரண்டும் உப்பல். அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். முதல் வாசலில் இறங்காதீர்கள், அது பழைய யூதர் பகுதி. இரண்டாம் வாசல்தான் தலைவாசல். இடம் இரண்டரை சதுர கிலோமீட்டர், நடந்து தீராது, உள்ளேயே 106-ஆம் நம்பர் பஸ் ஓடுகிறது. பீத்தோவன் 32ஏ, ஃபால்கோ 40, அடுத்தடுத்து என்று நினைத்துப் போகாதீர்கள். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள், அங்கே எல்லாரும் கல்லறைக்குப் போகும் நாள், அன்றைக்குப் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். விளக்கு வாங்கினால் மூடி உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஹாம்ஸ்டருக்குத்தான் படையல். முக்கியமாக, அதே 40-ஆம் பிரிவில்தான் நாஜிகள் தலை வெட்டிக் கொன்றவர்களும் கிடக்கிறார்கள். ஃபால்கோவோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாமல் அங்கேயும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கையுறை மறக்காதீர்கள்.

கடைசிபெஞ்சு:
மொசார்ட் விஷயம் என் தப்பு, சரி. ஆனால் மழைக்கோட்டு, நான் வழி கேட்கவில்லையே! நேற்று ராத்திரி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஃபால்கோவின் தோளுக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் கை மட்டும் விழுந்திருக்கிறது. தீப்பெட்டி பாதி திறந்திருக்கிறது.